கிஸ்தி: பங்காகப் பிறந்து கெடுவாக வளர்ந்த சொல்

இன்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல் கிஸ்தி. இந்த அவையில் அதைக் கேட்டிராதவர் யாரும் இருக்க முடியாது. நிலம் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருப்பீர்கள். மற்றவர்கள் 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கேட்டிருப்பீர்கள். கிஸ்தி கட்ட மறுத்துச் சிவாஜி கணேசன் பேசிய அந்த வசனத்தை மீசை வரைந்துகொண்டு ஒரு பையன் பேசாத பள்ளி ஆண்டுவிழா நம் ஊர்களில் உண்டா? அந்தக் காட்சியால் ஒரு நன்மை நடந்தது: ஒரு வருவாய்த்துறைச் சொல் மூன்று தலைமுறைக்கு மறக்காமல் நின்றது. ஒரு இழப்பும் நேர்ந்தது: கிஸ்தி என்றால் வரி, வரி என்றால் கிஸ்தி என்று நினைத்துக்கொண்டு அதோடு விட்டுவிட்டோம்.

கிஸ்தி வரியின் பெயர் அல்ல. வரியைக் கட்டும் தவணையின் பெயர். ஓர் ஆண்டுக்கு இவ்வளவு தீர்வை என்று முடிவான பிறகு, அதை இத்தனை பங்காகப் பிரித்து, இந்த இந்த மாதத்தில் இந்த இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று வகுப்பார்கள். அந்தப் பங்கு ஒவ்வொன்றும் ஒரு கிஸ்தி. அப்படி வகுத்த பட்டியலுக்குக் கிஸ்துபந்தி என்று பெயர். 1855இல் எச். எச். வில்சன் தொகுத்த வருவாய், நீதித்துறைச் சொல்லகராதியிலும், 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியிலும் கிஸ்தி இந்தப் பொருளில்தான் இருக்கிறது. காலப்போக்கில் நம் கிராமங்களில் தவணையின் பெயரே முழு வரிக்கும் ஆகிவந்தது. “இந்த வருஷக் கிஸ்தி கட்டியாச்சா?” என்று கேட்டால் மொத்தத் தீர்வையையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

தவணைக்கும் வரிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உழவன் வாழ்க்கையில் அது உயிரோடு விளையாடிய வேறுபாடு. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒரு கேள்வி. எப்போது கட்ட வேண்டும், எந்தப் பொருளாகக் கட்ட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. வரலாற்று நூல்கள் முதல் கேள்வியைப் பற்றி நிறைய எழுதியிருக்கின்றன. கிஸ்தி என்ற சொல் இரண்டாவது கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறது.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அரபியில் ‘கிஸ்த்’. அங்கே அதற்குப் பங்கு என்று பொருள், நேர்மையான பங்கு என்று பொருள், நீதி என்றும் பொருள். குர்ஆனில் நீதியைக் குறிக்க வரும் சொற்களில் இதுவும் ஒன்று. நிறுவையைச் சரியாக நிறுத்துவதைப் பற்றிப் பேசும் இடத்திலும் இதே சொல் வருகிறது. இறைவனின் திருநாமங்களில் ஒன்றான ‘முக்ஸித்’, நீதி செலுத்துபவன், இதே வேரில் பிறந்தது. நீதி என்ற பொருள், உண்மையைக் குறிக்கும் ‘குஷ்தா’ என்ற அராமிக் சொல்லோடு தொடர்புடையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அதே ஒலியில் இன்னொரு கிஸ்தும் அரபியில் உண்டு. அது ஒரு முகத்தலளவை. எண்ணெய், காடி, தேன் அளக்கும் படி. ரோமானியர்கள் ‘செக்ஸ்டாரியஸ்’ என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். ஆறில் ஒன்று என்பது அதன் பொருள். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அது கிரேக்கத்தில் ‘க்ஸெஸ்தேஸ்’ ஆகி, அங்கிருந்து அரபிக்கு வந்தது. 7ஆம் நூற்றாண்டில் எகிப்து அரபியர் ஆட்சிக்குள் வந்தபோது நிலக்காரர்கள் கொடுக்க வேண்டியவை என்னென்ன என்று பலாதுரி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்: நாணயத்துக்கு மேல் கோதுமை இவ்வளவு, எண்ணெய் இரண்டு கிஸ்த், தேன் இரண்டு கிஸ்த், காடி இரண்டு கிஸ்த். அரசுக்குச் செலுத்துவது என்ற பேச்சும் கிஸ்த் என்ற சொல்லும் அன்றைக்கே ஒரே வரியில் வந்துவிட்டன. கையால் தொட்டுப் பார்க்கக் கூடிய ஒரு படி எண்ணெய் அங்கே கிஸ்த்.

பங்கு என்ற பொருளிலிருந்து பங்குபங்காகச் செலுத்துவது என்ற பொருளுக்குப் போவது சிறிய தூரம். அந்தத் தூரத்தை இந்தச் சொல் பல நாடுகளில் கடந்திருக்கிறது. இன்றும் இஸ்தான்புல் கடையில் குளிர்பதனப் பெட்டியைத் தவணையில் வாங்குகிறவர் ‘தக்ஸித்’ என்கிறார். லாகூரிலும் லக்னோவிலும் ‘கிஸ்த்’ என்றால் மாதத் தவணை. தெலுங்கில் ‘கிஸ்தி’. தமிழில் மட்டும் அது நிலத்தை விட்டு நகரவில்லை. மோட்டார் சைக்கிளுக்கோ தையல் இயந்திரத்துக்கோ கட்டும் பணத்தை நாம் கிஸ்தி என்று சொல்வதில்லை. தவணை என்போம், டியூ என்போம். கிஸ்தி என்றால் நமக்கு வயல்தான்.

இந்தச் சொல் நம் ஊருக்கு வந்த பாதை பாரசீகத்தின் வழி. முகலாய அரசின் வருவாய்க் கணக்கு பாரசீகத்தில் நடந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் அந்தக் கணக்குச் சொற்கள் கும்பலாகத் தமிழுக்குள் நுழைந்தன. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, மிராசு, அசல், நகல். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் 18ஆம் நூற்றாண்டுத் தமிழ் இந்தச் சொற்களை எவ்வளவு இயல்பாக விழுங்கிக்கொண்டது என்று தெரியும். பசலி என்ற சொல்லும் அவற்றில் ஒன்று. ‘ஃபஸ்ல்’ என்றால் பருவம், விளைச்சல். அக்பர் காலத்தில் வருவாய்க் கணக்குக்காக ஏற்பட்ட ஆண்டு முறை அது. நம் பக்கத்தில் ஜூலை 1 அன்று பிறக்கும். ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. கிராம நிர்வாக அலுவலர் இன்றும் அந்த எண்ணைத்தான் எழுதுகிறார்.

கிஸ்தியைக் கண்டு முதலில் நடுங்கியவர் உழவர் மட்டும் அல்ல, நவாபும் நடுங்கினார். முகம்மது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நம்பி அரசாண்டவர். அந்தப் படைச் செலவுக்காக அவர் கம்பெனிக்குக் கிஸ்தி கட்ட வேண்டும். 1792 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 9 லட்சம் பகோடா நாணயம். முன்பிருந்தே கெடு நெருங்கும்போதெல்லாம் கையில் பணம் இருக்காது. யாரிடம் கடன் வாங்குவார்? கம்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களிடமே வாங்குவார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் கம்பெனிச் சம்பளக்காரர்களாக இருந்துகொண்டே நவாபுக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக அவர் எழுதிக்கொடுத்தது இன்ன இன்ன சீமையின் விளைச்சல் வருவாயை. கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் களத்து மேட்டுக்கே வந்து நின்றார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நிகழ்த்திய நெடிய உரை இந்தக் கொள்ளையைத்தான் கண்டித்தது. சேப்பாக்கம் அரண்மனையில் ஒரு கெடு தவறினால் தஞ்சாவூர்ச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு குடியானவன் வீட்டு நெல் குதிர் காலியாகும். 1801இல் கம்பெனி நவாபின் கர்நாடகச் சீமையை நேரடியாக எடுத்துக்கொண்டபோது நவாபின் கிஸ்தி முடிந்தது; குடிகளின் கிஸ்தி தொடர்ந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு இந்த இடத்தில் வர வேண்டும். பாளையக்காரர்கள் செலுத்தியதற்குக் கணக்கில் பேஷ்குஷ் என்று பெயர்; அதாவது கப்பம். அதைத் தவணையாகக் கட்டும்போது கிஸ்தி. 1792 ஒப்பந்தம் அதை வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தது. 1798இல் கட்டபொம்மன் பெயரில் நின்ற பாக்கி 3,310 பகோடா. கலெக்டர் ஜாக்சன் அவரை அலைக்கழித்து, கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். அந்தப் பேட்டியின்போது பாக்கியில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. மீதி 1,080 பகோடா. அதற்காக ஒரு பாளையக்காரரை மூன்று மணி நேரம் நிற்கவைத்தே கணக்குக் கேட்டார்கள். பிறகு சென்னையில் கவுன்சில் நியமித்த குழு விசாரித்து, ஜாக்சன் நடந்துகொண்ட விதம் தவறு என்று கண்டது; அவர் பதவியிலிருந்து எடுக்கப்பட்டார். ஆனாலும் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

திரைப்படம் நமக்குக் காட்டியது கட்ட மறுத்த வீரரை. பழைய கணக்குகள் காட்டுவது பாக்கியின் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டிய பிறகும் அவமானப்படுத்தப்பட்ட ஓர் ஆட்சியாளரை. எனக்கு இரண்டாவது கட்டபொம்மன்தான் இன்னும் பெரியவராகத் தெரிகிறார். கொடுத்தவனுக்கும் மரியாதை கிடைக்காது என்று கண்ட பிறகு எழுந்த கோபம் அது. அந்தக் கோபத்துக்குக் காரணம் தொகை என்று மட்டும் சொன்னால் அவரை நாம் குறைத்துவிடுகிறோம்.

பெரியவர்கள் கதை போதும். குடியானவனிடம் வருவோம்.

கிஸ்திக்கு முன்னால் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் நடந்தது வார முறை. வாரம் என்றால் பங்கு. விளைந்ததை அடித்து, தூற்றி, அம்பாரமாகக் குவித்து, களத்திலேயே மரக்காலால் அளந்து பிரிப்பார்கள். அரசுக்குப் போவது மேல்வாரம், உழுதவனுக்கு நிற்பது குடிவாரம். அதில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. அதிகாரியின் ஆள் வந்து குவியலில் முத்திரை வைத்து, பிறகு வந்து அளக்கும்வரை நெல்லைத் தொட முடியாது. நடுவில் மழை வந்தால் முளைத்துப் போகும். அளக்கிறவன் கையிலும் கள்ளம் இருக்கும். பொற்காலம் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நியாயம் அதற்குள் தானாக அமைந்திருந்தது. மழை பொய்த்தால் அம்பாரம் சிறுக்கும். அம்பாரம் சிறுத்தால் அரசனின் பங்கும் சிறுக்கும். பஞ்சத்தில் குடிகளோடு அரசனும் கொஞ்சம் பட்டினி கிடந்தாக வேண்டும்.

நிலையான வரி வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர் ஒவ்வொன்றும் எவ்வளவு காணிக்கடன் செலுத்த வேண்டும் என்று கலம், தூணி, குறுணி, நாழி வரைக்கும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தொகை நிலையானதுதான். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது: ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்கால். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கடன் பெரும்பாலும் நெல். விளைந்த பொருளாகவே கட்டினார்கள். சந்தையில் நெல் என்ன விலை போனாலும் கலம் கலம்தான்.

1820க்குப் பிறகு தாமஸ் மன்றோ சென்னை கவர்னராக இருந்து பரப்பிய ரயத்துவாரி முறையில் இது தலைகீழானது. பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும் மன்றோவும் சோதித்துப் பார்த்த முறை அது. ஜமீன்தார் என்ற இடையாள் இல்லை. வயலுக்கு வயல் அளந்து, மண்ணின் தரம் பார்த்து, இன்ன நஞ்சைக்கு இவ்வளவு, இன்ன புஞ்சைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு குடியானவன் பெயரிலும் பட்டா போட்டார்கள். தொகை பணத்தில். கட்டும் நாள் கிஸ்துபந்தியில். மன்றோவைப் பற்றி நல்ல கதைகள் பல நம் ஊர்களில் உலவுகின்றன; உழவனோடு நேரே பேச விரும்பிய மனிதர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் வகுத்த முறைக்குள் ஒரு கண்ணி இருந்தது.

விளக்குவதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு குடியானவனுக்குப் பத்து ரூபாய் கிஸ்தி. நெல் கலம் ஒரு ரூபாய் விற்றால் பத்துக் கலத்தை விற்றுக் கட்டிவிடுவான். நெல் அரை ரூபாய்க்கு இறங்கினால் இருபது கலம் விற்க வேண்டும். அரசாங்கம் ஒரு காசுகூட ஏற்றவில்லை. ஆனாலும் அவன் கட்டியது இரட்டிப்பு. இது கற்பனைக் கணக்கு என்றாலும் நடந்தது இதுதான். 1820களின் நடுவிலிருந்து 1850களின் தொடக்கம்வரை சென்னை மாகாணத்தில் தானிய விலை நெடுங்காலம் வீழ்ந்து கிடந்தது. ஆங்கிலேயரின் சொந்த அதிகாரிகளே இதைக் கவலையோடு எழுதியிருக்கிறார்கள். கிஸ்தி அப்படியே நின்றது. அதன் பாரம் ஏறிக்கொண்டே போனது.

அதோடு கெடு வேறு. பஞ்சாயத்துத் திண்ணையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: களத்திலிருந்து நெல் வீட்டுக்கு வரவில்லை, மண்டிக்குப் போனது என்று. அறுவடையை ஒட்டிக் கிஸ்தி. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பணம் வேண்டும், எல்லோரும் ஒரே வாரத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. ஆடி மாதம் வரை வைத்திருந்தால் நல்ல விலை போகும் என்று உழவனுக்குத் தெரியாதா? தெரியும். வைத்திருக்க விடாதது கிஸ்தி நாள். அறுப்புக்கு முன்பே கெடு வந்தால் இன்னும் மோசம். நிற்கிற பயிரைக் காட்டி வட்டிக்கு வாங்க வேண்டும். உத்தியோகஸ்தருக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் நடுவில் உழவன் நின்றது இப்படித்தான். 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் பாக்கி என்பதை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? கிஸ்தி முழுவதுமோ பகுதியோ உரிய நாளில் கட்டப்படாவிட்டால், கட்டாத தொகை பாக்கி. அவ்வளவுதான். ஏன் கட்டவில்லை என்ற கேள்வி அந்த வரையறைக்குள் இல்லை. விளைச்சல் போனால் ‘வஜா’ என்று தள்ளுபடி கேட்கலாம். அது அதிகாரி மனசு வைத்தால் கிடைப்பது.

பாக்கி வைத்தவனை என்ன செய்தார்கள் என்பதையும் இந்த அவையில் சொல்லாமல் போகக் கூடாது. 1854இல் லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்து, சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் குழு அமைந்தது. அதற்குள்ளேயே கஜுலு லட்சுமிநரசு செட்டி நிறுவிய சென்னை மக்கள் சங்கம் குடிகளின் குறைகளைப் பாராளுமன்றத்துக்கு எழுதி அனுப்பியிருந்தது. குழுவின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. நான் முன்பு சொன்ன வில்சன் அகராதி வந்த அதே ஆண்டு. அகராதியில் கிஸ்திக்குப் பொருள் இருக்கிறது. அறிக்கையில் அதன் விலை இருக்கிறது.

அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டிருக்கிறார்கள். ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளை ஒரு பக்கம் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து, மறுபக்கத்தை நெருக்குவது. உழவன் நாற்று நடும் கை, கலப்பை பிடிக்கும் கை. இன்னொன்று அண்ணந்தாள். அவனுடைய துண்டையோ வைக்கோல் புரியையோ கழுத்தின் மேலாகவும் கால் கட்டைவிரலின் கீழாகவும் கொண்டுவந்து இழுத்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லை ஏற்றுவதும் உண்டு. சாப்பிட விடாமல் வைப்பது, வீட்டுக்குப் போகவிடாமல் மறிப்பது, ஆட்டை மாட்டை வெளியே விடாமல் அடைப்பது என்று பட்டியல் நீள்கிறது. பல வழக்குகளில் பாக்கித் தொகை ஒன்றிரண்டு ரூபாய். சில ரூபாய்க்காகப் பட்ட அடியைச் சொல்வதற்காக ஏழைகள் தொலைதூரத்திலிருந்து கால்நடையாக வந்து குழுவின் முன் நின்றார்கள். குழு குற்றத்தை உள்ளூர் ஊழியர்கள் மேல் போட்டு, வெள்ளை அதிகாரிகளைப் பெருமளவுக்கு விடுவித்தது. தாசில்தாரும் தலையாரியும் அடித்தது உண்மை. அவர்களுக்குத் தேதி குறித்துக் கொடுத்தது யார் என்ற கேள்வியைக் குழு உரிய அளவுக்குக் கேட்கவில்லை. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து எழுதியபோது அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நீதி என்றும் நேர்மையான பங்கு என்றும் பொருள்பட்ட சொல், திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் கிட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் மனத்தை உறுத்துவது அதைவிட நுட்பமான ஒன்று. பங்கு என்று பொருள்பட்ட ஒரு சொல்லைக் கொண்டுதான் நம் ஊரில் பங்கு முறையை ஒழித்தார்கள். வாரத்தில் ஆட்சிக்கும் விளைச்சலில் பங்கு, விளைச்சல் கெட்டால் இழப்பிலும் பங்கு. கிஸ்தியில் அரசுக்கு இழப்பில் பங்கே கிடையாது. பாளம் பாளமாக வயல் வெடித்தாலும் தேதி தேதிதான்.

குடிகள் இந்த அனுபவத்தைத் தங்கள் சொல்லில் பதிந்துவைத்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் கிஸ்தியை ‘வாய்தா’ என்றும் சொல்வார்கள். வாய்தா கட்டுதல், வாய்தா ரசீது. அதே சொல்லைக் கோர்ட்டில் வழக்கைத் தள்ளிவைப்பதற்கும் சொல்கிறோம். அதுவும் அரபிச் சொல்தான், வாக்குறுதி என்று பொருள். இன்ன நாளில் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவந்த வாக்கு வரிக்கே பெயராகிவிட்டது. கந்து என்ற சொல்லும் தவணையைக் குறித்தது. கன்னடத்தில் ‘கந்து’ இன்றும் வெறும் தவணைதான். நம்மிடம் அது கந்துவட்டியோடு ஒட்டிக்கொண்டு, 2003இல் தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய கொடுமையின் பெயராகிவிட்டது. தவணைக்கு நம்மிடம் இருக்கும் சொற்களில் இத்தனை சொற்கள் பயத்தோடு சேர்ந்திருக்கின்றன.

20ஆம் நூற்றாண்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தஞ்சை நெல்லின் விலை பாதிக்கும் கீழே போனது. கிஸ்தி மறுபடி கழுத்தை இறுக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லாம் விலையேற, அதே கிஸ்தி மெல்ல மெல்ல எடை இழந்தது. முன்பு தீர்வையை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்வார்கள். அந்த வழக்கமும் நின்றுவிட்டது. இன்று ஓர் ஏக்கர் நஞ்சைக்குக் கட்டும் நிலத்தீர்வை, அதைக் கட்டப் போய்வரும் பஸ் கட்டணத்துக்குக் காணாது. ஒரு தலைமுறையை மண்டியிட வைத்த தொகையும் அடுத்த தலைமுறை கண்டுகொள்ளாத தொகையும் பட்டாவில் ஏறக்குறைய ஒரே எண்தான். நிலையான தொகை என்று நாம் சொல்வது எண்ணைத்தான். அதன் கனம் நிலையாக இருந்ததே இல்லை.

இப்போது அந்தக் கனம் வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. கிஸ்தி ரசீது ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கலாம். மட்டமான தாள், மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. கிராமம், வட்டம், பசலி, பட்டா எண். அதன் கீழே நிலவரி, உள்ளூர் மேல்வரி, தண்ணீர்த் தீர்வை, பாக்கி, நடப்பு என்று கட்டங்கள். மொத்தம் சில ரூபாய். கீழே கர்ணத்தின் கையெழுத்து. 1980இல் மணியக்காரர், கர்ணம் பதவிகளை அரசு ஒழித்த பிறகு அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வந்தது. இந்தத் தாளை ஏன் தகரப் பெட்டியில் பத்திரத்தோடு சேர்த்து வைக்கிறார்கள்? வழக்கு வந்தால் இந்த நிலத்தை அனுபவித்து வருவது நாங்கள்தான் என்று காட்டுவதற்குத் தொடர்ச்சியான கிஸ்தி ரசீதுகள் சாட்சி. உரிமையை முழுதாக நிலைநாட்ட அது ஒன்றே போதாது. ஆனாலும் நீதிபதி கேட்டுப் பார்க்கும் தாள்களில் ஒன்று. அரசு குடியானவனிடம் வாங்கியதற்கு எழுதிக்கொடுத்த சீட்டு இன்று குடியானவனைக் காக்கிறது. பெண்கள் பெயரிலும் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் பெயரிலும் இந்த ரசீது எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை வழக்கறிஞர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிலத்தில் உழைத்தவர் பலருக்குக் கிஸ்தி கட்டும் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. அதை நினைக்கும்போது வலிக்கிறது.

கடைசியாக ஒன்று. நிலத்தீர்வை எடை இழந்துவிட்டது என்பதால் கெடுவின் கொடுமை ஊரைவிட்டுப் போய்விடவில்லை. பயிர்க்கடன் விஷயத்தில் பருவத்துக்கு மதிப்பு உண்டு. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன், கெடு தாண்டி இரண்டு பயிர்ப் பருவம் போன பிறகுதான் வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். மற்ற கடன்களுக்கு 90 நாள். அதாவது வயலின் காலம் வேறு, நாட்காட்டியின் காலம் வேறு என்பதை விதி ஒப்புக்கொள்கிறது. ஆனால் நிலமில்லாமல் கூலிக்குப் போகும் பெண்களின் குழுக்கடனைப் பாருங்கள். வாரா வாரம் காலையில் வசூல். நடவும் களையெடுப்பும் உள்ள மாதத்திலும் அதே தொகை. வேலையே இல்லாத மாதத்திலும் அதே தொகை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் அவள் வாசலில் நிற்க வேண்டும். பழைய கிஸ்துபந்தியின் பிழை அப்படியே அங்கே இருக்கிறது: வருமானம் பருவத்தில் வருகிறது, கெடு வாரத்தில் வருகிறது.

2022இல் ரிசர்வ் வங்கி இத்தகைய குறுங்கடன்களுக்குக் கொண்டுவந்த விதிகளில், கடன் வாங்குகிறவரின் தேவைக்கு ஏற்ப எத்தனை நாளுக்கு ஒருமுறை கட்டுவது என்பதை மாற்றிக்கொள்ள இடம் தரும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. இந்த இரண்டு விதிகளும் நம் தெருவில் குழுக்கடன் கட்டும் பெண்களில் பெரும்பாலோர் காதுக்கு எட்டவில்லை. இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அந்த விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, வசூல் நடக்கும் நாளுக்கு முன்பாக அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாரத் தவணையை மாதத் தவணையாக்கிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லுங்கள். அலுவலர் மறுத்தால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுதிக்கொடுக்கத் துணை வேண்டும் என்றால் நானும் வருகிறேன்.